ஜூன் முப்பத்தொன்று

அத்தியாயம் 14

அந்த வீட்டில் உப்பு டப்பாவுக்குக்கூடத் தேதிச் சீட்டு உண்டு என்பது நம் பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக ஒரு சுற்று சொல்லிவிடுகிறேன். பழையவர்கள் அதற்குள் போய் ஒரு டீ போட்டுக்கொண்டு வரலாம்.

வீட்டு எஜமானி நூலகத்தில் வேலை பார்க்கிறவள். மூன்று வருடம் யாரும் எடுக்காத புத்தகத்தை நூலகத்தில் கழித்துவிடுவார்கள். புத்தகத்தின் பின்னட்டையில் ஒட்டிய சீட்டில் கடைசித் தேதியைப் பார்த்தால் போதும், படித்துப் பார்க்க வேண்டியதில்லை. இந்த வசதி அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போய் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு சீட்டு. எடுத்துப் பயன்படுத்தினால், சமையலறை ஆணியில் தொங்கும் தேதிச் சக்கரம் வைத்த ரப்பர் சீலை எடுத்து ஒரு குத்து. முப்பது நாள் குத்து விழாத சாமான் வெளியே.

"புத்தகத்துக்கு மூணு வருஷம், சாமானுக்கு மட்டும் முப்பது நாளா?" என்று ஆரம்பத்தில் அவள் புருஷன் கேட்டிருக்கிறான்.

"புத்தகம் மனுஷனைத் திருத்தும்ங்க. கரண்டி என்ன பண்ணும்?"

இது தவிர தினப்படிக் கடமைகள் வேறு. எழுந்ததும் ஐந்து நிமிடம் ஓர் இழுப்பறையை ஒழிக்க வேண்டும். ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே போக வேண்டும். ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு யாரும் கை காலியாகப் போகக் கூடாது. இடம் மாறிக் கிடப்பதை எடுத்துப் போய் அதனதன் இடத்தில் சேர்க்க வேண்டும். இந்தக் கடைசி விதிக்குப் பயந்து புருஷன் ஒருநாள் ஒரு கரண்டியைக் குளியலறைக்கு எடுத்துப் போய்த் திருப்பிக் கொண்டுவந்தான். விசாரணையில் கரண்டி கழிக்கப்பட்டது. அவன் எச்சரிக்கையோடு தப்பினான்.

வீடு அழகாகத்தான் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். தும்மினால் எதிரொலித்தது.

அந்த வீட்டின் கடைசி அறையில்தான் நம் அக்கா இருக்கிறாள். புருஷனின் உடன்பிறந்த மூத்தவள். கட்டியவனோடு ஒத்துவராமல், நாலு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்து ஆறு வருடம் ஆகிறது. ஒரு கட்டில், ஒரு பெட்டி, மேஜை மேல் ஒரு தையல் மெஷின். அக்கம்பக்கத்து ரவிக்கை, திரைச்சீலை, பள்ளிச் சீருடை எல்லாம் அந்த மெஷினில்தான் தைப்பாள். அது ஓடுகிறவரை அந்த அறைக்குத் 'தையல் அறை' என்று பெயர். ஓடாவிட்டால் 'காலி அறை'. காலி அறை ஒன்று வேண்டும் என்பது நூலகக்காரியின் நெடுநாள் கனவு. அதில் என்ன வைப்பாய் என்று யாரும் கேட்டுவிடக் கூடாது. எதுவும் வைக்க மாட்டாள். அதற்குத்தான் காலி அறை.

மே முப்பதாம் தேதி குளியலறையில் அக்கா வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு உடைந்தது. வழக்கமாக அவள் பிடித்துக்கொண்டு எழும் முக்காலி இரண்டு நாள் முன்புதான் கழிக்கப்பட்டிருந்தது.

போன வாரம் இந்த இடத்தில்தான் விட்டோம். இன்று ஜூலை ஒன்பது, மாதத்தின் இரண்டாவது ஞாயிறு. தணிக்கை நாள். பதினோரு மணிக்குப் பழைய சாமான் வண்டி வரும்.

*

மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தாள் அக்கா. தம்பி உள்ளே வந்தான். கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவன். ஊரார் மூக்கின் மேலெல்லாம் கண்ணாடி மாட்டி 'இப்ப தெரியுதா, இப்ப தெரியுதா' என்று கேட்கிறவன், வீட்டில் எதையும் பார்க்காமலே காலம் தள்ளிவிட்டான். விதிப்படி கையில் ஒரு காலி டம்ளர்.

"அக்கா, பயப்படாதே. நான் பேசறேன்."

"நீ பேசி எதுடா இந்த வீட்டில நடந்திருக்கு? உன்னோட கேரம் போர்டை வண்டியில ஏத்த பரண்லேருந்து இறக்கினப்ப ஏணி பிடிச்சவன் நீ."

"அது... எனக்கும் விளையாட நேரமில்லதான்."

"வியாழக்கிழமை கட்டைப் பிரிச்சுடுவாங்க. நாலே நாள்டா. அதுக்கப்புறம் நான் பாட்டுக்குத் தைப்பேன், நான் பாட்டுக்கு சீல் குத்துவேன். நாலு நாள் வாங்கிக் குடு, போதும்."

தம்பி தலையாட்டினான். போகாமல் நின்றான். வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அந்தத் தையல் விட்டுடாதில்ல?"

"ரெட்டைத் தையல் போட்டிருக்கேன். கத்தரி வெச்சாத்தான் பிரியும்."

மே இருபத்தொன்பதாம் தேதி மத்தியானம், மனைவி வேலைக்குப் போயிருந்த நேரத்தில், அவன் தன் தலையணையையும் ஒரு தடித்த உறையையும் எடுத்துக்கொண்டு வந்து நின்றது நினைவிருக்கலாம். 'பஞ்சுக்கு நடுவில வெச்சுத் தைச்சுக் குடு அக்கா, எதுவும் கேக்காதே.' அவள் கேட்கவில்லை. மறுநாள் கை உடைந்தது. மெஷின் கடைசியாக ஓடியது அந்தத் தலையணைக்குத்தான்.

"ஒளிச்சு வெச்சது சரி. நீ ஏன்டா ஹால்ல பாயைப் போட்டுப் படுக்கறே?"

"இடுப்பு வலின்னு சொல்லியிருக்கேன்."

"எங்கிட்டயுமா இடுப்பு வலி?"

"அதில எப்படிக்கா தலை வைக்கிறது?" என்றான் தம்பி. காலி டம்ளரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

*

பத்து மணிக்கு நூலகக்காரி வந்தாள். கையில் அட்டை, காதில் பென்சில். பின்னால் தம்பி, கையில் அதே டம்ளர்.

"அண்ணி, ஆரம்பிக்கலாமா?"

"ஆரம்பி."

கட்டில், போர்வை, பெட்டி, சீப்பு, கைக்கண்ணாடி என்று ஒவ்வொரு சீட்டாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு பழைய குடைக்குத் தேதி போதவில்லை.

"மழையே பெய்யலையேம்மா?" என்றாள் அக்கா.

"பெய்யட்டும், வாங்கிக்கலாம்." குடை கதவோரம் போனது.

பிறகு மெஷின். அதன் சீட்டில் இடமில்லாமல் குத்துகள் நெருக்கியடித்தன. ஜூன் முதல் வாரத்திலிருந்து இன்றுவரை ஒருநாள் விடாமல் தேதி. மணிக்கட்டு உடைந்தவள் எப்படித் தினமும் தைத்தாள் என்ற சந்தேகம் வேறு யாருக்காவது வந்திருக்கும். நூலகக்காரிக்கு வரவில்லை. சீட்டில் இருந்தால் இருக்கிறது. தலைகீழாகப் பிடித்துப் படித்தாலும் புத்தகம் படித்ததாகத்தான் கணக்கு.

அக்கா செய்தது இதுதான். நூலகக்காரி காலை ஆறு மணிக்கு எழுந்து சீலில் தேதியை மாற்றி வைப்பாள். அக்கா ஐந்தரைக்கே எழுந்துவிடுவாள். சீலில் நேற்றைய தேதி இருக்கும். நாள் சக்கரத்தை மட்டும் இடது கட்டைவிரலால் ஒரு பல் முன்னால் தள்ளி, ஒரு குத்து குத்தி, மறுபடி ஒரு பல் பின்னால் தள்ளி ஆணியில் மாட்டிவிடுவாள். எண்ணைப் பார்க்கக்கூட மாட்டாள், அவ்வளவு பழக்கம். இருட்டில் கண்ணாடி தேடிப் போடுவானேன் என்று விட்டுவிட்டாள். கண்ணாடிக் கடைக்காரனின் அக்கா.

"நல்லாத்தான் ஓடுது போல மெஷின்," என்று அடுத்த சாமானுக்குத் திரும்பிய நூலகக்காரி, பென்சிலைக் காதிலிருந்து எடுத்தாள். மெஷின் சீட்டின் மேல் மறுபடி குனிந்தாள்.

"அண்ணி."

"ம்."

"ஜூனுக்கு எத்தனை நாள்?"

தம்பி முஷ்டியை மடக்கி, விரல் முட்டிகளில் மாதங்களை வாய்க்குள் எண்ணிப் பார்த்தான்.

"முப்பது," என்றான், பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்த சந்தோஷத்தில். சொன்ன பிறகுதான் அக்காவின் முகத்தைப் பார்த்தான்.

"ஜூன் முப்பத்தொண்ணாம் தேதி அண்ணி தைச்சிருக்காங்க," என்றாள் நூலகக்காரி. கோபமில்லை, குரலில் ஒரு துக்கம் இருந்தது. பதினேழு வருட வேலையில் எத்தனையோ பேர் புத்தகத்தைக் கிழித்திருக்கிறார்கள், திருடியிருக்கிறார்கள், பக்கத்துக்கு நடுவில் வாழைப்பழம் வைத்திருக்கிறார்கள். தேதியை யாரும் தொட்டதில்லை. "இல்லாத நாள்ல என்ன அண்ணி தைச்சீங்க?"

"வியாழக்கிழமை கட்டைப் பிரிக்கறாங்கம்மா. நாலு நாள்..."

"நாலு நாள் கேட்டிருந்தா குடுத்திருப்பேன். கேக்கல. பொய்க் குத்து குத்தினீங்க." கை உடைந்த பிறகு விழுந்த தேதிகளின் மேலெல்லாம் பென்சிலால் ஒரே கோடு இழுத்தாள். "கழிச்சாச்சு."

அக்கா தம்பியைப் பார்த்தாள். தம்பி டம்ளருக்குள் பார்த்தான்.

"என்னமோ பேசறேன்னியேடா?"

"அது வந்து... இந்தா பாரும்மா..." என்று ஆரம்பித்தான்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. வண்டி பதினோரு மணிக்குத்தானே?"

அக்கா துணியை மேஜை மேல் வைத்தாள். ஆறு வருடமாக அவள் இந்த வீட்டில் குரலை உயர்த்தியதில்லை. குரலுக்குச் சீட்டு ஒட்டியிருந்தால் என்றைக்கோ போயிருக்கும். இப்போதும் உயர்த்தவில்லை. சனிக்கிழமைதோறும் எல்லா அறையும் தூசி தட்டுகிறவள் அவள். தணிக்கைக்காரியின் அறையைத் தணிக்கை செய்ய ஆளில்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

"என் மெஷின் போகட்டும்மா. விதின்னா விதி. உன் கட்டில்ல வலது பக்கத்துத் தலையணைச் சீட்டையும் ஒரு தடவை பார்த்துடு."

நூலகக்காரியின் பென்சில் நின்றது.

"மே இருபத்தொன்பது," என்றாள் அக்கா. "அதுக்கப்புறம் ஒரு குத்து இல்ல. நாப்பத்தோரு நாள். என் மெஷினாவது கை உடைஞ்சு நின்னுச்சு. உன் தலையணைக்கு எது உடைஞ்சுது?"

எதிரொலிக்கிற வீடு. 'உடைஞ்சுது' என்பது ஹால்வரை போய்த் திரும்பி வந்தது.

நூலகக்காரி அக்காவைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். நினைத்திருந்தால் அவளும் ஐந்தரைக்கு எழுந்து ஒரு குத்து குத்தியிருக்கலாம். நாற்பத்தோரு நாளும் அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டுத்தான் தூங்கியிருக்கிறாள். பொய்த் தேதி போடக் கை வரவில்லை. நேர்மையான மனுஷி. அதுதான் அவளிடம் சகிக்க முடியாதது.

உள்ளே போனாள். தலையணையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள்.

"அண்ணி சொல்றது சரி. கழிச்சாச்சு."

அப்போதுதான் அக்காவுக்குத் தான் எதைக் காட்டிக்கொடுத்தோம் என்பது உறைத்தது. தம்பியின் முகம் டம்ளர் மாதிரி காலியாகிவிட்டது.

"அது இருக்கட்டும்மா," என்றான்.

"ஏன்?"

"நான் இன்னிக்கே அதில படுத்துக்கறேன்."

"இன்னிக்கு வரைக்கும் படுக்கலையே."

"இடுப்பு இப்ப பரவாயில்ல."

"அப்ப அண்ணியோட கையும் வியாழக்கிழமை பரவாயில்லன்னு ஆயிடும். ஒருத்தருக்கு ஒரு நியாயம், இன்னொருத்தருக்கு ஒரு நியாயமா? ரெண்டும் இருக்கட்டும், இல்ல ரெண்டும் போகட்டும். சொல்லுங்க, உங்க வீடு. ரெண்டும் இருக்கட்டும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, பென்சிலைக் கீழ வெச்சுடறேன்."

ஒரு வார்த்தை. அக்காவின் மெஷினும் தப்பும், அவன் உறையும் தப்பும். அவன் வாய் திறந்தது. கல்யாணமான நாளிலிருந்து அந்த வாயில் நிற்கிற 'சரிம்மா'தான் முன்னால் வந்து விழுந்தது. கழித்ததற்குத்தான் சரி என்று அவள் கணக்கு எழுதிக்கொண்டாள்.

*

வண்டிக்காரர் நேரம் தவறாதவர். குடை, தலையணை, மெஷின் மூன்றையும் ஏற்றினார். சீட்டுகளை மட்டும் நூலகக்காரி உரித்து வைத்துக்கொண்டாள். சீட்டு கோப்பில் இருக்க வேண்டும். மோட்டார் வண்டி புகையை விட்டுவிட்டுத் தெருமுனை திரும்பியது.

தம்பி வாசலில் நின்றான். திடீரென்று ஓட ஆரம்பித்தான், ஒரு காலில் வீட்டுச் செருப்பும் மறு காலில் ஒன்றுமில்லாமலும்.

"எதுக்கு ஓடறார்?" என்றாள் நூலகக்காரி.

"மெஷினுக்குத்தான். அக்கா மேல பாசம்," என்றாள் அக்கா.

"பாசக்காரர் மெஷினை ஏத்தும்போது வேடிக்கை பார்த்தார். தலையணையை ஏத்தும்போதுதான் கூடவே வண்டிவரைக்கும் போனார்."

அக்காவோடு தையல் அறைக்குத் திரும்பி, காலி மேஜையின் மேல் மெஷின் சீட்டையும் தலையணைச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பென்சில் நுனியால் தொட்டாள்.

"உங்க கை உடைஞ்சது மே முப்பது. அதனால மெஷின் நிஜமா ஓடின கடைசி நாள் இருபத்தொன்பது. தலையணையோட கடைசி நாளும் இருபத்தொன்பது. அன்னிக்கு என்ன தைச்சீங்க அண்ணி?"

"ஞாபகமில்ல."

"மெஷின் போயிடுச்சு. மெஷின் இல்லாத தையல் அறையில தையக்காரிக்கு என்ன வேலைன்னு நான் இதுவரைக்கும் கேக்கல. கேக்க வெச்சுடாதீங்க."

அக்கா ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தாள். கட்டியவன் வீட்டுக்கு ஆறு வருடம் கழித்துப் போய் நின்றால் அவன் என்ன செய்வான் என்று அவளுக்குத் தெரியும். சிரிப்பான்.

"ஞாபகம் வந்துச்சுன்னா," என்றாள் நூலகக்காரி, மெதுவாக, "இந்த அறைக்கே ஒரு சீட்டு ஒட்டறேன். இன்னிக்குத் தேதி போட்டு. முப்பது நாள் யாரும் தொட மாட்டாங்க. நான் தேதியில பொய் சொல்லமாட்டேன்னு உங்களுக்குத் தெரியும்."

அது தெரியும். தம்பி தனக்காக ஒரு வார்த்தை சொல்லமாட்டான் என்பதும் அரை மணி நேரமாகத் தெரியும். அவன் இப்போது செருப்பில்லாமல் ஓடுவது எதற்கு? தலையணைக்கு. மெஷினுக்கு ஒரு வார்த்தை செலவழிக்காதவன், உறைக்குத் தெருவெல்லாம் கால் தேய ஓடுகிறான். நான் மட்டும் எதைக் கட்டிக் காக்கிறேன்?

"ரெட்டைத் தையல் போட்டது நான்தான்," என்றாள் அக்கா. "பஞ்சுக்கு நடுவில ஒரு உறை. தடிச்ச உறை. உள்ள என்னன்னு கேக்கல. உனக்குத் தெரியக் கூடாதுன்னு மட்டும் சொன்னான்."

நூலகக்காரி புதிய சீட்டு ஒன்றை எடுத்து, பசை தடவி, அறைக் கதவில் கோணலில்லாமல் ஒட்டினாள். சீலை எடுத்துவந்து குத்தினாள். ஜூலை ஒன்பது. ஊதி உலர்த்தக்கூட நிற்கவில்லை. ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு போனாள்.

*

கால் மணி கழித்துப் பின்பக்கச் சந்து வழியாகச் செருப்புச் சத்தம் கேட்டது. ஒற்றைச் செருப்பு.

தம்பி தோளில் எதையோ சுமந்துகொண்டு வந்தான். தலையணை சுமக்கிறவன் அப்படிக் கூன் விழுந்து வர மாட்டான்.

மெஷினை மேஜை மேல் இறக்கிவிட்டு மூச்சு வாங்கினான். சட்டையெல்லாம் எண்ணெய்க் கறை. கால் பெருவிரலில் ரத்தம்.

"வண்டி அடுத்த தெருவில சாமான் ஏத்த நின்னுது, பிடிச்சுட்டேன். குறுக்கு வழியா வந்தேன்க்கா. கடைக்குப் போனதும் இதை உடைச்சு இரும்பாப் பிரிச்சுடுவாங்களாம். அதான் இதை முதல்ல தூக்கிட்டேன்."

"தலையணை?"

"அது எங்க போயிடப் போகுது? வண்டிக்காரர்கிட்ட தனியா வெக்கச் சொல்லியிருக்கேன். சாயங்காலம் போய் வாங்கிக்கறேன்." சிரித்தான். அக்கா அந்தச் சிரிப்பைப் பல வருடமாகப் பார்க்கவில்லை. "அவ முன்னாடி வாய் வரலை. ஓடறப்பதான் தோணிச்சு, நீ அத்தான் வீட்டிலேருந்து வந்தப்ப இது ஒண்ணைத்தானே தூக்கிட்டு வந்தேன்னு. வியாழக்கிழமை கட்டைப் பிரிச்சதும் தலையணையை இன்னொரு தடவை தைச்சுக் குடுத்துடு. அவகிட்ட மட்டும் வாயத் திறந்துடாதே."

அக்கா வாயைத் திறக்கவில்லை. அது இப்போது யாருக்கும் பயன்படாத பழக்கம்.

கை துடைக்கத் துணி தேடித் திரும்பியவன் கதவைப் பார்த்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு கிட்டே போனான்.

"அறைக்கு எதுக்குக்கா சீட்டு?"

விரலால் தொட்டான். மை ஈரமாக இருந்தது. விரல் நுனியில் ஜூலை ஒட்டிக்கொண்டது.

"இன்னிக்குத் தேதி. அவதான் போட்டாளா? அவளா உனக்கு முப்பது நாள் குடுத்தா?" சந்தோஷப்படுவதா என்று அவனுக்குத் தெரியவில்லை. "எதுக்குக் குடுத்தா?"

அக்கா இடது கையால் மெஷினைத் துடைக்க ஆரம்பித்தாள்.

அவன் ஜன்னல் வழியாக வாசலைப் பார்த்தான். ஸ்கூட்டர் நிற்கும் இடத்தில் இரண்டு சொட்டு எண்ணெய் மட்டும் இருந்தது.

"அக்கா," என்றான். "அக்கா, நீ சொல்லல இல்ல?"

துணி மெஷினின் மேல் ஒரே இடத்தில் போய் வந்துகொண்டிருந்தது.

அந்த வீட்டில் யாரும் ஓர் அறையை விட்டுக் கை காலியாகப் போகக் கூடாது. அவன் டம்ளரைக்கூட எடுக்காமல் ஓடினான்.